வாசல் திறந்தால் அடுப்பு தெரியும்

மக்கா,

வீட்டு வேலை முடிந்துவிட்டது. நேற்று மத்தியானம் பெயிண்ட்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த நல்ல செய்தியைச் சொல்லத்தான் அம்மா எழுதியிருக்கிறாள் என்று நினைத்து நீ சந்தோஷமாக வாசிக்க உட்கார்ந்தால் ஏமாந்துபோவாய். வீடு முடிந்துவிட்டது, ஆனால் நீ அனுப்பிய பிளானில் இருப்பது போல முடியவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் நான் குளியலறை டைல்ஸையும், மாற்றிப் போட்ட கூரை ஓடுகளையும், படிக்கட்டில் பிடித்து இறங்க வைத்திருக்கும் கம்பியையும் மட்டுமே காட்டினேன். "ஹாலைக் காட்டுங்க அம்மா" என்று நீ கேட்கும்போதெல்லாம் ரேஞ்சு போயிற்று. ரேஞ்சு ஒன்றும் போகவில்லை. நான்தான் போனை அணைத்தேன்.

அடுத்த வாரம் நீ புனேயிலிருந்து வருகிறாய். ஓணம் கழிந்ததும் கல்யாணம். புதுப் பெண் ரேஷ்மாவும் அவள் ஆட்களும் வந்து நிற்கும் நேரத்தில் நீ ஹாலைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. கோபப்பட வேண்டியதையெல்லாம் அங்கேயே, உன் அறையில், தனியாக இருந்து கோபப்பட்டு முடித்துவிட்டு வா. போனில் சொல்லலாமே என்று அப்பா கேட்டார். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் அதற்குப் பதில் பேசுவேன், கடைசியில் சொல்ல வந்தது நின்றுபோகும். கடிதத்தில் நீ இடையில் பேச முடியாது. இன்னொன்று, உனக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும். நான் களியக்காவிளையில் தமிழ் படித்து, கல்யாணமாகி எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தவள். நீ இங்கே மலையாளம் படித்தவன், தமிழ் என்னிடம் கற்றது. மெதுவாக வாசித்தால் கோபமும் மெதுவாகத்தான் வரும்.

நம் வீட்டின் கோளாறு உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பாவின் தாத்தா இந்தக் குன்றுச் சரிவில் வீடு கட்டியபோது ரோடு கிடையாது. கீழே ஓடைக்கரையில் ஒரு நடைபாதை இருந்தது. குன்னத்துகால் சந்தைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அந்த வழியாகத்தான் போவார்கள். அதனால் வீட்டின் முகம் கீழே பார்த்தது. முன்பக்கம் தூண் வைத்த வராந்தா, சிவப்புத் தரை, பித்தளைக் குமிழ் வைத்த கதவு எல்லாம் பள்ளத்தைப் பார்த்து. பின்பக்கம் மண்ணை வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து, அதை ஒட்டி அடுக்களை. யாரும் பார்க்காத இடம், புகை போனால் போதும் என்று கட்டியது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பஞ்சாயத்து ரோடு வந்தது. கீழே வரவில்லை, மேலே, அடுக்களைக் கூரையின் மட்டத்துக்கு வந்தது. ரோட்டிலிருந்து படி வெட்டி இறங்கினால் நேராக என் அடுப்படி. கீழே இருந்த நடைபாதையைக் காடு மூடிவிட்டது. வீடு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, ஆட்கள் எல்லோரும் முதுகு வழியாக வர ஆரம்பித்தார்கள்.

மீன்காரர், போஸ்ட்மேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள், பெண்களின் அயல்கூட்டத்துக்குக் கூப்பிட வருகிற சுலோசனா மைனி, எல்லோருக்கும் அடுக்களைதான் வாசல். அப்பா மட்டும் இதை ஒப்புக்கொண்டதில்லை. கொஞ்சம் மரியாதைப்பட்ட ஆள் யாராவது படி இறங்கினால், "இந்த வழியா வாருங்க, முன்வாசல் அந்தப் பக்கமாக்கும்" என்று வீட்டைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவார். துணி அலக்குகிற கல், குளியலறைக் குழாய், கொடியில் தொங்குகிற என் சேலைகள், எல்லாவற்றையும் தாண்டிப் போய் அந்த ஆள் வராந்தாவில் உட்கார வேண்டும். நான் சாயா போட்டு உள்வழியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டு அவர் மறுபடியும் சுற்றி வந்து என் ஜன்னலுக்கு நேரே மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறுவார். பார்க்கிற எனக்குச் சிரிப்பாக வரும்.

பெண் வீட்டுக்காரர்கள் வீடு காண வந்த நாளும் அதுதான் நடந்தது. காட்டாக்கடையிலிருந்து இரண்டு காரில் வந்தார்கள். பையனின் வீட்டைப் பார்க்கத்தான் அந்த வரவே; ஒவ்வொரு மூலையையும் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் நான் அடுக்களைக் கதவைச் சாத்திவைத்தேன். அப்பா படியடியில் நின்று எல்லோரையும் தெற்குப் பக்கமாகத் திருப்பிவிட்டார். ரேஷ்மாவின் மாமா வெள்ளை வேட்டியோடு அலக்குகிற கல்லுக்குப் பக்கத்தில் பாசியில் காலை வைத்தார். விழாமல் இருக்க அவர் பிடித்தது கொடியில் கிடந்த என் ஈர நைட்டியை. நைட்டியும் அவரும் சேர்ந்து வராந்தாவுக்கு வந்தது உனக்கு மறந்திருக்காது. நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. ரேஷ்மாவின் அம்மா அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. அடுக்களைக் கதவைத் தட்டி, "இஞ்ச ஒரு வாசல் இருக்கு, பின்னே எதுக்கு எல்லாரும் சுத்திப் போறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எண்ணெயிலிருந்து எடுத்த ஏத்தம்பழ பஜ்ஜியைச் சூடாகவே ஒன்று தின்றாள். மகளுக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், ஆனால் பால் விடாத கட்டன் சாயா மட்டும் குடிப்பாள் என்று சொன்னாள். வராந்தாவில் ஆண்கள் ரப்பர் விலை பேசி முடிப்பதற்குள் நாங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டோம். நம் வீட்டில் இதுவரை நடந்த முக்கியமான பேச்சுகள் எல்லாம் அடுக்களையில்தான் நடந்திருக்கின்றன, வராந்தாவுக்கு அறிவிப்பு மட்டும்தான் போகும்.

அன்று அவர்கள் போன பிறகு நீ சத்தம் போட்டாய். "அம்மா, வாற ஆட்களை அலக்குகல்லு வழி கூட்டிட்டுப் போற வீடு இந்தக் கேரளத்துலேயே நம்ம வீடு ஒண்ணுதான்" என்றாய். நானும் என் பங்குக்குச் சேர்ந்துகொண்டேன். "நான் பட்ட பாடு உனக்கு என்ன தெரியும்? அடுக்களை ஒரே இருட்டு. காலையில கண்ண முழிச்சா ஒருத்தன் மாத்தி ஒருத்தன் தலைக்கு மேல வந்து நிக்கான். சோறு வெந்ததா வேகலையான்னு பாக்க சமயம் உண்டா எனக்கு?" என்றேன். நீ அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டாய். புனேயில் உன் கூட்டுக்காரன் இன்ஜினீயரை வைத்துப் பிளான் போட்டு அனுப்பினாய். ரோட்டுப் பக்கம் சிட்-அவுட், ஹால். அடுக்களை பள்ளத்துப் பக்கம், வராந்தா இருந்த இடத்தில். பெரிய ஜன்னல், கிரானைட் மேடை, புகை உறிஞ்சும் சிம்னி. "இனி உங்களை ஒருத்தரும் தொந்தரவு செய்யமாட்டாங்க. காத்து வாங்கிக்கிட்டு, மலையப் பாத்துக்கிட்டுச் சமைக்கலாம்" என்று சொன்னாய். எனக்குக் கண் நிறைந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் நான் எந்தப் பக்கம் பார்த்துச் சமைக்கிறேன் என்று யோசித்த ஒரே ஆள் நீதான். அதை இப்போதும் சொல்கிறேன். நீ பாசத்தில் செய்தது, அதில் எனக்குக் குறை இல்லை.

பங்குனியில் வேலை தொடங்கினோம். மேஸ்திரி ராஜன் முதலில் வராந்தாவை அடைத்துப் புது அடுக்களையைக் கட்டிக் கொடுத்தார். அப்போதுதான் பழையதை இடிக்கும்போது நமக்குச் சோறு முடங்காது. நான் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அங்கே குடியேறினேன். முதல் இரண்டு நாள் ராணி மாதிரி இருந்தேன். வெளிச்சம், காற்று, எட்டுகிற உயரத்தில் அலமாரி. சுலோசனா மைனிக்குப் போன் செய்து பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் மீன்காரர் மேலே நின்று ஹார்ன் அடித்தது எனக்குக் கேட்டது. கையைக் கழுவி, வீட்டுக்குள் மூன்று அறை தாண்டி, செங்கல் குவியலை ஏறிக் கடந்து போய்ப் பார்த்தால் வண்டி வளைவு திரும்பிவிட்டது. அன்றைக்குப் பருப்பு. மறுநாளும் பருப்பு. அதற்கடுத்த நாள் ஹார்ன் எனக்குக் கேட்கவே இல்லை.

ரப்பர் மரம் என்னைப் பார்த்தது, நான் ரப்பர் மரத்தைப் பார்த்தேன். அது காற்றடித்தால் ஆடும், காற்று நின்றால் நிற்கும், வேறு விசேஷம் இல்லை. ரோட்டில் யாரோ சிரிக்கிற சத்தம் வரும். யார், எதற்கு என்று தெரியாது. ஸ்கூல் பிள்ளைகள் படியடியில் வெள்ளம் கேட்டுக் குடித்துவிட்டுப் போவார்களே, அந்தச் சத்தமும் தூரத்தில் போய்விட்டது. மைனி ஒருநாள் எட்டிப் பார்த்தாள், "இந்தக் கல்லும் மண்ணும் தாண்டி அங்க வர எனக்கு கால் முட்டு சம்மதிக்காது மைனி, வேலை எல்லாம் தீரட்டு" என்று வழியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வெயில் என்று நினைத்தேன். பிரஷர் என்று நினைத்தேன். மாத்திரையை மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம்கூடப் போனேன். தொந்தரவு இல்லாமல் இருப்பதுதான் தொந்தரவு என்று எனக்கே புரியவில்லை.

அப்பாவின் கதை நேர்மாறாக இருந்தது. வராந்தா போன பிறகு அவருடைய சாய்வு நாற்காலியைப் போட இடமில்லை. வேலையை மேற்பார்வை செய்கிறேன் என்று சொல்லி ரோட்டுப் படியடியில், பழைய அடுக்களைக்கு வெளியே, அயனி மரத்து நிழலில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். மேற்பார்வை என்ன செய்தாரோ தெரியாது, ஊர்க்கதை முழுக்கப் பேசினார். பால் சொசைட்டியில் வேலை செய்த காலத்தில்கூட அவர் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை. மீன்காரரின் மகள் நர்சிங் படிக்கிறாள் என்பதும், பாறசாலை ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாகப் பாலம் வருகிறது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எப்போதும் நான்தான் அவருக்குச் செய்தி சொல்வேன். சாப்பிடும்போது அவர் சொல்லிக்கொண்டே போக, நான் "ம்" போட்டேன். அந்த "ம்" எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட மேலே வந்தேன். படியடியில் ஒரு ஏத்தன் வாழைக்குலை சாய்த்து வைத்திருந்தது. கெட்டியாக, காம்பில் பனையோலை சுற்றி. அந்தக் கட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். "தம்பி வந்தானா?" என்று கேட்டேன். அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "ஆமா, வந்தான். அரை மணிக்கூர் இருந்து பேசினோம். உன்ன கூப்பிடட்டான்னு கேட்டேன், அக்கா வேலையா நிப்பா, தொந்தரவு செய்யாண்டாம், பஸ்ஸுக்கும் நேரமாச்சுன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார்.

என் தம்பி, மக்கா. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாதத்தில் ஒருமுறை வருவான். படி இறங்கும்போதே "அக்கா, சோறு உண்டா?" என்று கேட்டுக்கொண்டு வருவான். அவன் வந்து, இருந்து, போய்விட்டான். நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். எனக்குத் தெரியாது. குலையைத் தூக்கி உள்ளே வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அங்கேயே நின்று அழுதேன். ராஜனும் கையாட்களும் பார்த்தார்கள், எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. "எனக்கு உங்க மலையும் வேண்டாம், காத்தும் வேண்டாம். என்னைக் கொண்டுபோய் பாதாளத்துல வச்சு அடைச்சுட்டு நீங்க ரோட்டுல இருந்து ஆள் பிடிக்கிறிய. என் கூடப்பிறந்தவன் வந்தது நான் வாழைக்குலையப் பாத்துத்தான் அறியணுமா?" என்று கத்தினேன்.

அப்பா திரும்பக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ஏட்டி, இந்த ரோடு வந்த நாள் தொட்டு நான் அந்த வராந்தாவுலதான் இருந்தேன். எங்க அண்ணன் வந்துட்டுப் போனது, அவன் சாயா குடிச்ச கிளாஸப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். பய புனேயிலேருந்து வாறான்னு காலையில சேவ் பண்ணி, சட்டை போட்டு அங்க உக்காந்திருப்பேன். அவன் உன்கிட்ட வந்து, சாயா குடிச்சு, பலகாரம் தின்னு, கதை எல்லாம் சொல்லித் தீந்த பிறகுதான் என்கிட்ட வருவான். நீ 'பய வந்தாச்சு'ன்னு விளிச்சு சொல்லுவ. அது கேக்கதுக்குத்தான் நான் அங்க இருந்தேன்."

ராஜன் கையாட்களைக் கூட்டிக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் அவரை வீட்டின் எஜமான் என்றுதான் நினைத்திருந்தேன். முன்வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், எனக்குத்தான் இருட்டும் புகையும் ஆட்களின் சத்தமும் பெகளமும் என்று நாள்தோறும் பொருமியிருக்கிறேன். வருகிறவர்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனது பெருமைக்கு என்று சிரித்திருக்கிறேன். அது பெருமை மட்டும் இல்லை. அப்படியாவது ஒருத்தரைத் தன் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை. அதை அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பிளான்படி கட்டினால் அவருக்கு ஆள் கிடைக்கும், நான் ரப்பர் மரத்தோடு இருக்க வேண்டும். பழையபடி அடுக்களையை ரோட்டுப் பக்கம் கொண்டுவந்தால் எனக்கு ஆள் கிடைக்கும், அவர் மறுபடியும் வராந்தாவில் சட்டை போட்டு உட்கார வேண்டும். நல்லவேளை, பழைய அடுக்களையில் கூரைத் தகரத்தையும் புகைக்கூண்டையும்தான் இறக்கியிருந்தார்கள், சுவரைத் தொடவில்லை. நான் ராஜனைக் கூப்பிட்டு, ஹாலும் வேண்டும், அடுக்களையும் வேண்டும், இரண்டும் இங்கேயே வேண்டும், நடுவில் சுவர் வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, அப்படிச் செய்தா வாசல தொறந்த உடனே அடுப்பாக்கும் தெரியுது. வாற ஆட்கள் என்ன சொல்லுவாவ? கல்யாண வீடு வேற. நான் கெட்டின வீடுன்னு ஊருல வெளியே சொல்லண்டாமா?" என்றார்.

இதற்கு அப்பா சம்மதிக்கமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். வராந்தாவைத் தவிர வேறு எதையும் வாசல் என்று சொன்ன மனுஷனே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், "தெரியட்டும் ராஜா. அடுப்பு எரியுத வீடுன்னு நாலு பேரு அறியட்டும். பித்தளைக் குமிழ் வச்ச கதவு அந்தப் பக்கம் உண்டுல்லா, அதையும் கழத்திக் கொண்டுவந்து இஞ்ச மாட்டு." ராஜன் என்னைப் பார்த்தார், நான் ராஜனைப் பார்த்தேன்.

அதனால், மக்கா, நீ வந்து பார்க்கப் போவது இதுதான். படி இறங்கினால் பித்தளைக் குமிழ் வைத்த பழைய கதவு. உள்ளே நுழைந்தால் வலது பக்கம் அடுப்பு, இடது பக்கம் சோபா, நடுவில் சாப்பாட்டு மேசை. கூரையில் கண்ணாடி ஓடு பதித்து வெளிச்சம் வருகிறது. இருட்டு என்று நான் இனிமேல் சொல்ல முடியாது. சிம்னி வைத்திருக்கிறோம், மீன் பொரித்தாலும் சோபாவில் வாடை பிடிக்காது, பிடித்தால் பிடிக்கட்டும். பிளானில் போட்டிருந்த கார் ஷெட் கிடையாது. அதற்கு மேட்டை வெட்ட வேண்டும், வெட்ட அனுமதி வாங்க வேண்டும், வெட்டினால் ரோடே கீழே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடும் என்று ராஜன் சொன்னார். ரோட்டோரத்தில் கொஞ்சம் கான்கிரீட் போட்டு அகலப்படுத்தியிருக்கிறோம், கார் அங்கே நிற்கும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து இடத்தை அடைத்து அறையைப் பெரிதாக்கலாம் என்று உன் இன்ஜினீயர் சொன்னான். நான் விடவில்லை. குன்று முழுவதும் உள்ள மழை வெள்ளம் அந்தச் சந்து வழியாகத்தான் இறங்குகிறது. வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழைக்கு முன்னால் அதில் கிடக்கிற சருகை ஒவ்வொரு வருஷமும் வார வேண்டும். எங்களுக்கு முடியாத காலத்தில் அது உன் வேலை, மறக்காதே. இந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. சுவரில் ஒரு ஈரம் இல்லை.

எனக்கென்று கட்டிய புது அடுக்களை என்ன ஆயிற்று என்று கேட்பாய். அது உங்கள் அறை. வீட்டிலேயே நல்ல காற்றும் வெளிச்சமும் அங்கேதான், யாரும் அந்தப் பக்கம் வருவதும் இல்லை. எனக்கு ஆகாத அந்தத் தனிமை புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ஆகும். சேர்ந்தாற்போல் குளியலறை கட்டியாயிற்று. கிரானைட் மேடையைப் பெயர்க்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ரேஷ்மா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற பெண், அவளுக்கு அது மேசை ஆகும். சிங்க்கும் குழாயும் அப்படியே இருக்கிறது. படுக்கை அறையில் சிங்க்கா என்று சிரிக்காதே. ஒரு சின்ன கேஸ் அடுப்பும் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்து மாமியார் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு வேண்டாம். இருவரும் சண்டை போட்டால் அங்கேயே கட்டன் சாயா போட்டுக் குடியுங்கள், சமாதானம் ஆன பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். அவள் தனியாகச் சமைக்க வேண்டும் என்று நினைத்தாலும் சமைக்கட்டும். எனக்கு வருத்தம் வராது என்று சொன்னால் பொய், கொஞ்சம் வரும், அதை நான் சுலோசனா மைனியிடம் சொல்லித் தீர்த்துக்கொள்வேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்றே ஒன்றுதான். உன் பெண்டாட்டி ஒரு காரியத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டால் உடனே ஆளைக் கூட்டி வந்து அதை இடித்துவிடாதே. சலித்துக்கொள்வது வேறு, வேண்டாம் என்பது வேறு. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த அடுக்களையைத் திட்டியிருக்கிறேன், அங்கே வருகிற ஆட்களைத் திட்டியிருக்கிறேன். அவர்கள் வராமல் போனபோதுதான் எனக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றத் தோன்றியது. அதேபோல் அவள் ஒன்றைப் பற்றிச் சொல்லாமலே இருந்தால், குறை இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதே. உன் அப்பா ஒரு நாளும் வராந்தாவைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அவளிடம் கேட்டுப் பார். கேட்ட பிறகும், அவள் இருக்கிற இடத்தில் கொஞ்ச நாள் போய் இருந்து பார். எனக்கு அதைச் செய்து பார்க்க ஒரு வீட்டையே இடிக்க வேண்டியிருந்தது.

நிலவிளக்கோடு ரேஷ்மாவை எந்த வாசலில் வரவேற்பது என்று அப்பாவின் அண்ணன் கேட்டார். அவர் பழைய ஆள், கீழ்ப்பக்கம்தான் முறை என்று சொல்லிப் பார்த்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் படி இறங்கி வந்து, அடுப்புக்கு நேரே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரட்டும். அவளுடைய மாமாவிடம் சொல், நைட்டி எதுவும் குறுக்கே வராது, கொடியைத் தெற்குப் பக்கத்தின் கடைசிக்கு மாற்றிவிட்டேன்.

அப்பாவின் நாற்காலி இப்போது அடுக்களையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்து தேங்காய் துருவித் தருகிறேன் என்று பாதியைத் தின்கிறார், மீன்காரரிடம் எனக்கு முன்னால் விலை பேசிக் காரியத்தைக் கெடுக்கிறார், நான் பேச வேண்டியதில் பாதியை அவர் பேசிவிடுகிறார். நான் திட்டுகிறேன். அந்தத் திட்டை நீ பெரிதாக எடுத்துக்கொண்டு புதுப் பிளான் ஒன்றும் அனுப்பிவிடாதே.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ரோட்டுப் படியின் தலைப்பு தெரியும். இத்தனை வருஷமும் நீ வரும்போது முதலில் உன் செருப்பு தெரியும், பிறகு பை, பிறகுதான் முகம். முகம் தெரிவதற்கு முன்பே நான் உள்ளே பார்த்து விளித்துவிடுவேன். அடுத்த வாரம் அவர் காலையிலேயே சேவ் பண்ணிச் சட்டை போட்டு அங்கே உட்கார்ந்திருப்பார். நீ சுற்றி எங்கும் போகாதே, நேராக இறங்கி வா. உன் வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் ஜன்னல் பக்கம் வரமாட்டேன். சாயாவுக்கு வெள்ளம் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். "ஏட்டி, பய வந்தாச்சு" என்று இந்தத் தடவை அவர் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு நான் திரும்புகிறேன்.

அம்மா